ஃபில்டரில் சிக்காத பொருத்தம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு அடியில் பாய் விரித்தாகிவிட்டது. அம்மாவின் கையில் போன். பக்கத்தில் 29 வயது மகள். அவள் கையிலும் போன்.

"இந்தப் பையனைப் பாரு. கோயமுத்தூர். சொந்த வீடு. ஒரே பையன்."

"ஹைட் எவ்வளவும்மா?"

"அஞ்சு ஆறு."

"வேணாம்."

"சரி, இவனைப் பாரு. பெங்களூரு. நல்ல சம்பளம். முகம்கூட லட்சணமா இருக்கு. ஐயோ, செவ்வாய் இருக்காமே... வேணாம், விடு."

அரை மணி நேரத்தில் நாற்பது முகங்கள் வந்து போயின. ஒருவரையும் இருவருக்கும் சேர்ந்து பிடிக்கவில்லை.

அம்மா கண் அசந்ததும் மகள் தன் போனில் வேறொரு ஆப்பைத் திறக்கிறாள். டேட்டிங் ஆப். அது இருப்பது அம்மாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். இங்கே ஜாதகம் கிடையாது. ஆனால் கட்டைவிரல் செய்யும் வேலை அதேதான். கூலிங் கிளாஸ் போட்டு போஸ் கொடுத்தவர், இடது பக்கம். இங்கிலீஷில் ஸ்பெல்லிங் தப்பு விட்டவர், இடது பக்கம். பைக் மேல் சாய்ந்து நிற்பவர், அவரும் இடது பக்கம்.

மூன்று வருடமாக இப்படியே போகிறது. அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இரண்டே பேர். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா உனக்கு யாருடி இருக்கா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் மகள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்த வீடு மாம்பலத்தில் இருக்கலாம், மதுரையில் இருக்கலாம், உங்கள் பக்கத்து ஃபிளாட்டிலும் இருக்கலாம். எல்லா வீட்டிலும் கேள்வி ஒன்றுதான். கையடக்க போனுக்குள் இத்தனை ஆயிரம் வரன்கள் இருந்தும், ஏன் ஒன்றுகூட அமையவில்லை?

தரகர் பையிலிருந்து போனுக்கு

முப்பது வருடங்களுக்கு முன்பு தரகரின் துணிப்பையில் இருபது ஜாதகம் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு சித்தி, "எங்க ஓரகத்தி அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான்" என்று ஆரம்பிப்பார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகன் தேவை' பக்கத்தைப் பேனாவால் வட்டமிடுவார்கள். எல்லாம் சேர்த்தாலும் பார்க்கக் கிடைத்தது முப்பது, நாற்பது வரன்கள். அதில் பாதிப் பேரின் தாத்தா பெயர்கூட யாருக்காவது தெரிந்திருக்கும்.

1995-ல் அமெரிக்காவில் மேட்ச் டாட் காம் தொடங்கியது. இணையத்தில் துணை தேடுவதற்கென்றே வந்த ஆரம்பகாலத் தளங்களில் அது ஒன்று. 1997-ல், அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் மற்ற பகுதிகளைவிட வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி. 2017-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. 2012-ல் வந்த டிண்டர், பிடித்தால் வலது பக்கம், பிடிக்காவிட்டால் இடது பக்கம் என்று தள்ளும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது.

எவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-ல் அமெரிக்காவில் சந்தித்து ஜோடியான ஆண்-பெண்களில் சுமார் 39 சதவிகிதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். நண்பர்கள் அறிமுகம் செய்துவைக்கும் வழக்கத்தையே அது பின்னுக்குத் தள்ளிவிட்டது.

மேட்ரிமோனியும் டேட்டிங் ஆப்பும் ஒன்றில்லை. ஒன்றில் பெரும்பாலும் அப்பா, அம்மா, அண்ணன் என்று வீடே சேர்ந்து தேடும். இன்னொன்றில் அவரவர் தனக்காகத் தேடுகிறார்கள். ஒன்று கல்யாணத்தில் தொடங்குகிறது. இன்னொன்று ஒரு காபியில் தொடங்குகிறது. கல்யாணம் வரை போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டிலும் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பட்டியலைப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலை வைத்தே ஆளைக் கழிக்கிறோம்.

எட்டு டிக், பூஜ்ஜியம் வரன்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தில் 10,000 வரன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் டிக் செய்யும் ஒவ்வொரு நிபந்தனையும் பாதிப் பேரைக் கழித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது என்று ஒரு டிக், 5,000 ஆகிறது. உயரம், 2,500. படிப்பு, 1,250. சம்பளம், 625. ஊர், 312. சாதி, உட்பிரிவு, 156. ஜாதகம், 78. 'சின்ன குடும்பமாக இருக்கணும்' என்று எட்டாவது டிக், 39.

39 பேர் போதாதா என்று தோன்றும். ஆனால் அந்த 39 பேரும் அவர்கள் வீட்டில் பாய் விரித்து, இதேபோல் எட்டு டிக் போட்டுத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய எட்டு டிக்கிலும் உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ தேற வேண்டும். அந்தக் கணக்கையும் போட்டால் மிஞ்சுவது ஒருவருக்கும் குறைவு. அதாவது, யாருமே இல்லை.

இப்போது இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிபந்தனைகளை எடுத்துவிடுங்கள். ஐந்து மட்டும் இருக்கட்டும். அதே 10,000 பேரில், இரு பக்கமும் ஒத்துவருகிறவர்கள் கிட்டத்தட்ட 10 பேர். யாருமே இல்லாத இடத்தில் பத்துப் பேர்!

நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. நல்ல படிப்பு உள்ளவருக்குப் பெரும்பாலும் நல்ல சம்பளமும் இருக்கும். ஒரு டிக்கிலேயே இரண்டும் அடங்கிவிடும். ஆனாலும் விஷயம் இதுதான்: ஒவ்வொரு டிக்கும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். எட்டும் சேரும்போதுதான் கதவு மூடிக்கொள்கிறது. கழிந்துபோன முகங்கள் திரையில் வருவதே இல்லை என்பதால், எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாது.

கேட்பது ஒன்று, பிடிப்பது வேறு

சரி, நிபந்தனை போடாமல் எப்படித் தேடுவது? பிடித்தது எது என்று நமக்குத் தெரியாதா?

அங்கேதான் ஒரு சிக்கல். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பால் ஈஸ்ட்விக், எலை ஃபிங்கெல் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவ, மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உங்களுக்கு வரும் துணையிடம் எது முக்கியம் என்று முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். வழக்கம்போல் ஆண்கள் அழகுக்கும், பெண்கள் சம்பாதிக்கும் திறமைக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். பிறகு அவர்களை ஆளுக்கு 4 நிமிடம் வீதம் நேரில் பேசவிட்டார்கள். யாரை மறுபடி பார்க்க விருப்பம் என்று கேட்டபோது, முன்பு எழுதிக் கொடுத்ததற்கும் இப்போது பிடித்துப்போன ஆளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 2008-ல் இந்த ஆய்வு வெளியானது.

கடையில் பட்டுப்புடவை எடுக்கப் போகிற அனுபவம்தான் இது. 'மாம்பழக் கலர், சின்ன பார்டர்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவோம். வெளியே வரும்போது பையில் இருப்பது கரும்பச்சை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புடவைக் கடையில் கரும்பச்சையும் கண்ணில் படும். ஆப்பில், 'மாம்பழக் கலர்' என்று டிக் செய்துவிட்டால் கரும்பச்சை கண்ணிலேயே படாது.

எந்த டிக் ரொம்ப கனமானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் மற்ற இரு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கொல்கத்தாவின் 'ஆனந்தபஜார் பத்ரிகா' நாளிதழில் வரன் விளம்பரம் கொடுத்த குடும்பங்களைச் சந்தித்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இது: சாதிக்கு வெளியே போகாமல் இருப்பதற்காக, படிப்பே இல்லாதவருக்கும் முதுகலைப் பட்டதாரிக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட விட்டுக்கொடுக்கப் பெண் வீட்டார் தயாராக இருந்தார்கள்.

அது வங்காளத்துப் பேப்பர் விளம்பரம். இங்கே மேட்ரிமோனி பதிவில் ஆரம்பத்திலேயே கேட்கப்படும் கேள்விகளில் சாதியும் ஒன்று. பேப்பரில் வட்டமிடும்போது மற்ற விளம்பரங்களும் கண்ணில் பட்டுத் தொலைக்கும். போனில் அதுவும் இல்லை. எந்த டிக்கை வைப்பது, எதை எடுப்பது என்பது அந்தந்த வீட்டு முடிவு. ஆனால் அந்த டிக் தன்னுடையதா, இல்லை 'எல்லாரும் போடறாங்க' என்று விழுந்ததா என்பதைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

இரண்டு அங்குலப் பொய்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டியலை வைத்துத்தான் கழிப்பார்கள் என்று தெரிந்தால், பட்டியலை அழகாக்கத் தோன்றும்தானே?

கேடலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நியூயார்க்கில் டேட்டிங் தளங்களில் இருந்த 80 பேரை வரவழைத்து, உயரத்தையும் எடையையும் நேரில் அளந்தார்கள். வயதை அடையாள அட்டையில் பார்த்தார்கள். 10-ல் 8 பேர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சின்னப் பொய்கள். ஆண்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். பெண்கள் எடையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'அஞ்சு எட்டுக்குக் கீழே வேண்டாம்' என்று ஃபில்டர் போட்டால், ஐந்தடி ஆறு அங்குலம் என்று உண்மையைச் சொன்னவர் கழிந்துபோவார். அதே ஐந்தடி ஆறு அங்குலத்தை 'அஞ்சு எட்டு' என்று எழுதியவர் உள்ளே வந்துவிடுவார். கறாரான ஃபில்டர் சில சமயம் உண்மை சொன்னவரைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

சின்னப் பொய்யைச் சிரித்துக்கொண்டு மன்னிக்கலாம். பெரிய பொய் வேறு. முந்தைய திருமணம், வேலை, கடன், நோய் போன்ற விஷயங்களை மறைத்தால் அதன் விலை ஒரு வாழ்க்கை. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவுறுத்தல், மேட்ரிமோனி தளங்கள் பதிவு செய்பவர்களின் அடையாள ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆனால், 'இவர் பெயர் இதுதான்' என்பதைத்தான் ஆவணம் சொல்லும். 'இவர் எப்படிப்பட்டவர்' என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். வேலை பார்க்கும் இடம், படித்த கல்லூரி, இருக்கும் தெரு என்று மூன்று இடத்தில் விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவாகரத்து ஆனவர் என்றால் கோர்ட் தீர்ப்பின் நகலைக் கேட்கலாம். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'உனக்கு கிஃப்ட் அனுப்பினேன், கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு, வரி கட்டினா விட்டுடுவாங்க' என்பது பழைய தூண்டில். 'நான் சொல்ற இடத்தில் முதலீடு பண்ணு, கல்யாணச் செலவுக்கு ஆகும்' என்பது புதுத் தூண்டில். வீடியோ காலில் முகம் காட்டத் தயங்குகிறவர், நேரில் சந்திக்க ஒவ்வொரு முறையும் காரணம் சொல்கிறவர், பார்க்காமலேயே உயிரை விடுகிறவர், இந்த மூன்று பேரிடமும் ஜாக்கிரதை. ஏமாந்துவிட்டால் அவமானம் என்று மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே தடுக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கெப்ளர் பார்த்த பதினொரு பெண்கள்

இந்தத் தடுமாற்றம் இன்றைக்கு வந்ததில்லை. நானூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பெரிய மேதை இதில் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்.

கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த ஜோஹன்னஸ் கெப்ளரின் முதல் மனைவி 1611-ல் இறந்துபோனார். வீட்டில் தாயில்லாத குழந்தைகள். மறுமணத்துக்குப் பெண் தேட ஆரம்பித்த கெப்ளர், மொத்தம் 11 பேரை ஒவ்வொருவராக எடைபோட்டார். அந்தக் கதையை 1613-ல் ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் மனத்தை இழுத்தவர் ஐந்தாவது பெண் சுசன்னா. பெற்றோர் இல்லாதவர், சொத்தும் இல்லை. நண்பர்களோ, அந்தஸ்து உள்ள நாலாவது இடத்தை விடாதே என்றார்கள். கெப்ளர் அங்கே திரும்பிப் போனால், இவ்வளவு நாள் காத்திருந்து அலுத்துப்போன அந்தப் பெண் முடியாது என்றுவிட்டார். மறுபடி ஆறு, ஏழு, எட்டு என்று தேடல். கடைசியில் சுற்றிச் சுற்றி ஐந்தாவது பெண்ணிடமே வந்து நின்றார். சுசன்னாவின் அன்பு, பணிவான விசுவாசம், சிக்கனம், சுறுசுறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மூத்த தாரத்துக் குழந்தைகளிடம் காட்டிய பாசம், இவைதான் தன்னை வென்றன என்பது அவர் சொன்ன காரணம். 1613 அக்டோபரில் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய ஒயின் பீப்பாய்களை வியாபாரி ஒரு கோலை விட்டு அளந்ததைப் பார்த்துக் குழம்பிப்போய், பீப்பாயின் கொள்ளளவைக் கணக்கிடும் புத்தகம் ஒன்றை 1615-ல் வெளியிட்டார் என்பது தனிக்கதை!

கிரகங்களின் கணக்கைக் கண்டுபிடித்தவர், துணை தேடும்போது நண்பர்கள் சொன்ன அந்தஸ்துப் பட்டியலுக்கும் தன் மனத்துக்கும் நடுவே அலைந்திருக்கிறார். கடைசியில் அவர் பார்த்தது, அந்தப் பெண் தன் வீட்டில், தன் குழந்தைகளோடு எப்படி இருப்பார் என்பதை.

இரண்டு பேருக்கும் நடுவில்

கெப்ளர் அனுபவத்தில் கண்டதைத்தான் இன்றைய ஆய்வும் சொல்கிறது. சமந்தா ஜோயல் என்ற ஆய்வாளரின் தலைமையில் 86 ஆய்வாளர்கள், 43 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து, 11,196 ஜோடிகளைப் பற்றி கம்ப்யூட்டர் உதவியோடு அலசினார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஒரு ஜோடி சந்தோஷமாக இருக்கிறதா என்பதைத் தனித்தனியாக இவர் எப்படி, அவர் எப்படி என்ற விவரங்களைவிட, இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. இவர் என்னை விட்டுப் போக மாட்டார் என்ற நம்பிக்கை, செய்ததை மதித்துச் சொல்லும் ஒரு வார்த்தை, தாம்பத்தியத்தில் நிறைவு, சண்டை வந்தால் அது எவ்வளவு தூரம் போகிறது போன்றவை.

அதே சமந்தா ஜோயல் 2017-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 100-க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கான பதில்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிட்ட இந்த ஆணுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒத்துப்போகுமா என்று, சந்திப்பதற்கு முன்பே அதனால் சொல்ல முடியவில்லை.

உப்பு டப்பாவையும் புளி டப்பாவையும் தனித்தனியாக எவ்வளவு பார்த்தாலும் ரசத்தின் ருசி தெரியாது. கொதிக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தரகர் பையில் இல்லாத ஆளைக் கண்ணில் காட்டுவது அதனால்தான் முடிகிறது. ஆளைக் காட்டும் வேலையை அதனிடம் கொடுக்கலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது.

மூன்றே மூன்று: இது இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிற விஷயங்களை மூன்றுக்குள் எழுதுங்கள். பெற்றோர் தனியாக, பிள்ளை தனியாக எழுத வேண்டும். மற்றதெல்லாம் 'இருந்தால் நல்லது' பட்டியலுக்குப் போகட்டும். அவற்றை ஃபில்டரில் போட வேண்டாம்.

சீக்கிரம் சந்திப்பு: மாதக்கணக்கில் சாட் செய்தால், எதிரில் இருப்பவரை நாமே கற்பனையில் செதுக்க ஆரம்பித்துவிடுவோம். சில நாள் பேச்சு, ஒரு வீடியோ கால், பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு காபி. எங்கே போகிறோம் என்று வீட்டிலோ தோழியிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு தடவை போதாது: பஜ்ஜி, சொஜ்ஜியோடு முடிந்துவிடும் பெண் பார்க்கும் படலத்தில், இருவரும் பத்து நிமிடம் பால்கனியில் நின்றால் என்ன தெரியும்? வாய்ப்பு இருந்தால் இரண்டு, மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் சந்திக்கலாம். ஹோட்டலில் ஆர்டர் மாறி வரும்போது சர்வரிடம் எப்படிப் பேசுகிறார், டிராஃபிக்கில் மாட்டினால் என்ன செய்கிறார் என்பதில் பயோடேட்டாவில் இல்லாதது தெரியும்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: 'உங்க ஹாபி என்ன' என்பதற்குப் பதிலாக, 'கடைசியா வீட்டில் யாரோடு சண்டை வந்தது, எப்படி முடிஞ்சது?' என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்தில் எவ்வளவு பெற்றோருக்குப் போகும், கடன் உண்டா, குழந்தை எப்போது, கல்யாணத்துக்குப் பிறகு யார் வேலையை மாற்றிக்கொள்வது, வயதான பெற்றோர் யாரோடு இருப்பார்கள் என்பதெல்லாம் பத்திரிகை அடிக்கும் முன்பே பேச வேண்டியவை.

'வேண்டாம்' என்பதையும் சொல்லுங்கள்: பிடிக்கவில்லை என்றால் பதிலே போடாமல் மறைந்துவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கமும் ஓர் அம்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'எங்களுக்குச் சரியா வரலைங்க, நல்ல இடம் அமையட்டும்' என்ற ஒரு வரி போதும்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்புவோம். சாயங்காலக் காபியோடு, மகள் தினசரி காலண்டரில் கிழித்த இரண்டு தாள்களை எடுத்து வந்தாள். "ஆளுக்கு மூணு எழுதுவோம்மா. மூணுக்கு மேல கூடாது. பார்த்து எழுதக் கூடாது."

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தாளை மாற்றிக்கொண்டார்கள்.

அம்மாவின் தாளில் சாதி இல்லை, சம்பளம் இல்லை, செவ்வாய்கூட இல்லை. 'குடிக்கக் கூடாது. கோபத்தில் கை நீட்டக் கூடாது. இவள் உடம்புக்கு முடியாமல் படுத்தால் பக்கத்தில் இருக்கணும்' என்று இருந்தது. மூன்றாவது ஏன் என்று மகள் கேட்கவில்லை. பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் என்று பார்க்காமல் பதினோரு ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவை அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த அப்பாவின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்.

மகளின் தாளில் முதல் வரி, 'வேலையை விடச் சொல்லக் கூடாது.' இரண்டாவது, 'என்னோடு சிரித்துப் பேசணும்.' மூன்றாவது வரியை அம்மா இரண்டு தடவை படித்தார்.

'அம்மா எங்களோடதான் இருப்பாங்க. அதுக்கு மனசார ஒத்துக்கணும்.'

"இதுக்காகவாடி மூணு வருஷமா ஒவ்வொண்ணா வேணாம் வேணாம்னே?"

மகள் பதில் சொல்லவில்லை. அம்மா போனை எடுத்து, கண்ணாடி வழியாக மேலும் கீழும் தேடினார். உயரத்துக்குக் கட்டம் இருந்தது. நட்சத்திரத்துக்கு இருந்தது. வருமானத்துக்கு இருந்தது.

"இதை எங்கடி போடறது? இதுக்கு இதுல இடமே இல்லையே."

"இருக்காதும்மா. நேர்லதான் கேக்கணும்."

கொஞ்ச நேரம் இருவரும் காபி குடித்தார்கள். பிறகு மகளே கேட்டாள். "காலையில பார்த்தோமே... இல்ல, மதியம். அந்தக் கோயமுத்தூர் பையன். ஒரே பையன்னு சொன்னியே. அந்த புரொஃபைல் இன்னும் இருக்கா?"

"அஞ்சு ஆறும்பாங்களே, அவனா?"

"ம். ஒரே பையன்னா, அவங்க அம்மா அப்பாவைப் பத்தி அவரும் இதே மாதிரி யோசிச்சிருப்பார் இல்ல?"

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உயரம் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார்.